மலையகக் காப்பகம் ஒன்றில் நாய் எடுப்பதும் அதற்குக் கை கொடுப்பதும்: ஒரு மதிப்பீடு

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட மலைகளில் இயங்கும் ஒரு நாய், பூனைக் காப்பகத்தின் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. பெயரும் வழியும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. காப்பகம் இருக்கும் இடம் ஊருக்குத் தெரிந்துவிட்டால் மறுநாள் விடியும்போது கேட்டடியில் ஒரு பிஸ்கட் பெட்டி இருக்கும். உள்ளே கண் திறக்காத நாலைந்து குட்டிகள், பெரும்பாலும் பெட்டை. மழை பெய்திருந்தால் பாதி விறைத்துப் போயிருக்கும். பல காப்பகங்கள் பெயர்ப்பலகை வைக்காததற்கு இதுதான் காரணம். உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் தங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

மீட்பும் வைத்தியமும் நன்றாக நடக்கின்றன. தத்துக் கொடுக்கும் மேசைதான் இடறுகிறது. மலையகத்தில் யார் நாய் வளர்க்கிறார்கள், எந்த வீட்டில் வளர்க்கிறார்கள் என்பதை அந்த மேசை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. விவரத்துக்குப் போவோம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு காப்பகத்தை எடைபோட, அங்கே எத்தனை நாய் இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. புதிதாக வரும் பிராணியை முதல் 14 நாள் எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ நோய், தொற்றி மூன்று நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெளிப்படும். அந்த நாட்களில் குட்டி பார்வைக்கு நன்றாகவே ஓடியாடும். அதைக் கொண்டுபோய் மற்றக் குட்டிகளோடு விட்டால், ஒரு கிழமையில் பட்டியே காலியாகும்.

இந்தக் காப்பகத்தில் தனிமைக் கூடுகள் தனிக் கட்டிடத்தில் இருக்கின்றன. சீமெந்துத் தரை, கானை நோக்கிச் சரிவு, அங்கேயே மாட்டிக்கொள்ளத் தனி ரப்பர் சப்பாத்து. சுத்தம் செய்யும் வரிசையும் சரி: முதலில் நோயில்லாத குட்டிகள், அடுத்து வளர்ந்த நாய்கள், கடைசியில் நோயாளிகள். வரிசை தலைகீழானால் துடைப்பமும் சப்பாத்துமே நோயைச் சுமந்து போகும்.

கிருமிநீக்கத்துக்கு 5 சதவீத வெளிற்றும் திரவத்தை 30 பங்கு தண்ணீரில் கலக்கிறார்கள், அதாவது பத்து லீற்றர் வாளிக்கு ஏறத்தாழ 330 மில்லிலீற்றர். முதலில் சவர்க்காரம் போட்டு மலத்தையும் சேற்றையும் கழுவி, பிறகு இதை ஊற்றி 10 நிமிடம் ஈரமாக விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. நேற்றுக் கலந்தது இன்றைக்கு உதவாது. இந்த இரண்டும் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன, எழுதியபடி நடக்கவும் செய்கிறது.

குறை ஒன்று உண்டு. குட்டிகளை வெயில் காய விடும் முற்றம் வெறும் மண். பார்வோ வைரசு நிழலான ஈர மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், மண்ணைக் கிருமிநீக்கம் செய்ய வழியில்லை. தென்மேல் பருவமழை அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை, இந்த மேற்குச் சரிவுகளில் மண் காய்வது அபூர்வம். தடுப்பூசித் தொடர் முடியாத குட்டி மண்ணில் கால் வைக்கவே கூடாது. பத்துக்குப் பத்து அடியில் சீமெந்துத் தளம் ஒன்று போட்டாலே போதும். கொடையாளர்கள் முதலில் கவனிக்க வேண்டிய வேலை இதுதான், ஆனால் படம் எடுத்துப் போட அழகில்லாத வேலை என்பதால் யாரும் முன்வருவதில்லை.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். சனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும். பிறந்து ஒரு கிழமைக்குள் உள்ள குட்டி தன் உடல் சூட்டைத் தானே காக்காது, அதைச் சுற்றி 30 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் வேண்டும். இங்கே சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கிறார்கள். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர இடம் இருக்கிறது. விறைத்த குட்டிக்கு உடனே பால் புகட்டுவதில்லை என்ற ஒழுங்கும் உண்டு. குளிர்ந்த வயிறு பாலைச் செரிக்காது, விழுங்கும் திறனும் இராது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் மெதுவாகச் சூடேற்றி, வாயில் விரல் வைத்தால் சப்பும் நிலை வந்த பிறகே போத்தல். அதுவும் குப்புறப் படுக்க வைத்துத்தான். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டுவதால் செத்த குட்டிகள், பசியால் செத்தவற்றைவிடக் குறைவாக இருக்காது.

மீட்பு: எதற்கு வருவார்கள், எதற்கு வரமாட்டார்கள்

வாகனத்தில் அடிபட்டது, கம்பியில் சிக்கியது, கானில் விழுந்தது, குட்டியோடு கைவிடப்பட்டது ஆகியவற்றுக்கு வருகிறார்கள். ஆரோக்கியமாகத் திரியும் கட்டாக்காலி நாயைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னால் வருவதில்லை. அது சரியான முடிவு. 2006இலிருந்து இலங்கையில் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரச கொள்கை. தெருவில் இருக்கும் நாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி. ஒரு நாயை அப்புறப்படுத்தினால், அதற்குச் சோறு கிடைத்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். அது கருத்தடை செய்யாததாகவும் இருக்கும்.

தொலைபேசியில் விவரம் கேட்கும் முறை மெச்சத்தக்கது. நாய் எழுந்து நிற்கிறதா, மூச்சு எப்படி, ஈறு இளஞ்சிவப்பா வெளுப்பா, வாயில் நீர் வடிகிறதா, காரணமில்லாமல் கடிக்க வருகிறதா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். கடைசி இரண்டுக்கும் ஆம் என்றால், தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்கச் சொல்கிறார்கள். யாராவது கடிபட்டால் அல்லது கீறுபட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நாய் நோய்க்கான ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது.

தோட்டப்புறங்களில் அதிகம் வரும் அழைப்பு சுருக்குக் கம்பி. பன்றிக்கு வைத்த கம்பியில் நாய் விழும், சிறுத்தையும் விழும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சிக்கியது சிறுத்தையென்றால் காப்பகத்தை அழைக்கக் கூடாது, கிட்டப் போகவும் கூடாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லிவிட்டு ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். மரநாய்க் குட்டி, தேவாங்கு, மலை அணில் போன்ற காட்டுப் பிராணிகளுக்கும் இதே இலக்கம்தான். காப்பகம் அவற்றைச் சட்டப்படி வைத்திருக்க முடியாது என்பதால் வாங்க மறுப்பார்கள், அதற்காகக் கோபித்துப் பயனில்லை.

நாய் சிக்கியிருந்தால், கம்பி கட்டப்பட்டிருக்கும் மரத்தின் பக்கமாக வெட்டி, உடலில் இறுகியிருப்பதை அப்படியே விட்டுக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கம்பி பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிள். ரோமத்துக்கு அடியில் தோலை அறுத்துத் தசைக்குள் போயிருக்கும். அந்த இடத்தில் இழுத்து எடுக்கப் போனால் இரத்தக் குழாய் அறுந்துபோகும். கழுத்தில் இறுகி மூச்சு அடைத்தால் மட்டும் அங்கேயே வெட்ட வேண்டும். வெளிக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் வயிற்றைச் சுற்றி இறுகிய நாயைத் தையல் போட்டு உடனே அனுப்புவதில்லை. நசுங்கிய தசையிலிருந்து வரும் கழிவால் சிறுநீரகம் இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் பழுதாகலாம். அதுவரை வைத்துப் பார்க்கிறார்கள், இதற்கு முழு மதிப்பெண்.

எலும்பு முறிவு, பெரிய சத்திரசிகிச்சை எல்லாம் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஹட்டனிலிருந்து கண்டி ஏறத்தாழ 70 கிலோமீற்றர், வளைவுப் பாதை. காப்பகத்தின் செலவில் பெரும்பங்கு இந்தப் பயணத்துக்கே போகிறது. இருப்பது ஒரே வான், அது கண்டிக்குப் போயிருக்கும் நாளில் வேறெந்த மீட்பும் இல்லை. மாலை ஐந்துக்குப் பிறகு தொலைபேசியை எடுக்க ஆள் கிடைப்பதும் அரிது. தோட்டத்தில் ஆட்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, அடிபட்ட நாயைக் கவனிப்பதே அந்த நேரத்தில்தான். இது பெரிய ஓட்டை.

நீங்களே கொண்டுபோக நேர்ந்தால், உரச்சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். மூச்சும் முட்டும், உர எச்சம் காயத்திலும் படும். பலகையில் அல்லது விறைப்பான மட்டையில் கிடத்தி, கம்பளியால் போர்த்தி, துணி நாடாவால் வாயைக் கட்டலாம். ஆனால் வாந்தி எடுக்கிற, மூச்சிரைக்கிற நாய்க்கு வாய் கட்டவே கூடாது.

கைவைத்தியம் செய்த கேடு

வரும் நோயாளிகளில் ஒரு பகுதி நோயால் வரவில்லை, வீட்டு மருந்தால் வருகிறது. சொறி பிடித்த நாய்க்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவது இன்னும் ஓயவில்லை. நாய் அதை நக்கி விழுங்கும், தோல் வழியாகவும் ஏறும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அப்படியே. காய்ச்சல் பூனைக்குப் பனடோல் கொடுப்பது இதைவிட மோசம்: பரசிற்றமோலைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது, ஒரே குளிசையிலும் சாகும்.

மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஊசியை நாய்க்குக் குத்துகிறவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் மருந்து. மூன்று கிலோக் குட்டிக்குச் சொறிக்கு வேண்டியது ஒரு மில்லிலீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவே. சாதாரண ஊசிக் குழலில் கண்ணளவில் எடுத்தால் ஐந்து, பத்து மடங்கு போய்விடும், குட்டி நடுங்கி விழும். காப்பகத்தில் இப்போது நிறைக்கு ஏற்ற குளிசை கொடுக்கிறார்கள், அதே இடத்தில் படுக்கும் மற்ற நாய்களுக்கும் சேர்த்து. ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் ஒரு மாதத்தில் சொறி திரும்பும்.

மூக்கில் விட்டுவிட்டு இரத்தம் வடியும், தும்மும் நாய் என்றால் இந்தப் பக்கத்தில் முதலில் அட்டையைத் தேட வேண்டும். பீலியிலும் ஓடையிலும் தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் ஏறிக்கொள்ளும். நாயைச் சில மணி நேரம் தண்ணீரில்லாமல் வைத்து, பிறகு அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் காட்டினால் அட்டை தலை நீட்டும், அப்போது இடுக்கியால் பற்றி எடுக்கிறார்கள். உப்பு, புகையிலை நீர் ஊற்றும் பழக்கத்தை இங்கே அனுமதிப்பதில்லை.

உண்ணிக் காய்ச்சலில் நேரும் தவறு வேறு மாதிரி. ஈறு வெளுப்பு, சோர்வு, 39.5 பாகைக்கு மேல் காய்ச்சல், சிலவற்றுக்குக் கருஞ்சிவப்பு மூத்திரம். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்த்து, உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்றால் டொக்சிசைக்கிளின் குளிசை நான்கு கிழமை கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளே நாய் எழுந்து சோறு தின்னும், வீட்டார் குளிசையை நிறுத்திவிடுவார்கள், இரண்டாம் முறை வரும்போது காப்பாற்றுவது கடினமாகிவிடும். மிச்சக் குளிசையைக் கிழமைக்குக் கிழமை எண்ணிப் பார்க்கும் ஒழுங்கு இங்கே இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை.

தத்து மேசை

இப்போது இடறும் இடம். படிவம் இரண்டு பக்கம், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர். மேசையில் இருப்பவர் வாயால் விளக்குகிறார், ஆனால் கையெழுத்து வைப்பவர் எதற்குக் கையெழுத்து வைக்கிறோம் என்று தானே வாசிக்க வேண்டும். கருத்தடை செய்விப்பேன், விற்கவோ கைமாற்றவோ மாட்டேன், முடியாவிட்டால் திருப்பிக் கொடுப்பேன் ஆகிய மூன்றும்தான் அந்தப் படிவத்தின் உயிர். அந்த மூன்றையும் தமிழில் அச்சிட ஒரு தாள் போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மதில் விதி. சுற்றுமதில் அல்லது வேலி இல்லாத வீட்டுக்கு நாய் கொடுப்பதில்லை என்கிறார்கள். கொழும்புப் பக்கத்து வீட்டுக்கு எழுதிய விதி இது. லயன் காம்பராவுக்கு மதில் ஏது? ஆறு, பன்னிரண்டு வீடு ஒரே கூரையின் கீழ், ஒரே நீள வாசல். இந்த விதிப்படி தோட்டத் தொழிலாளி குடும்பம் எதுவும் நாய் எடுக்க முடியாது. ஆனால் மதில் உள்ள வீட்டில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுகிறவருக்கு நாய் கிடைத்துவிடும். லயத்தில் பகலில் பாட்டி இருப்பார், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவார்கள், நாய் தனித்திருப்பது குறைவு. அதுவும் ஒரு தகுதிதான்.

லயத்துக்கு வேறு கேள்விகள் கேட்க வேண்டும். பக்கத்துக் காம்பராக்காரர் சம்மதமா? கோழி, ஆடு வைத்திருக்கிறார்களா? தோட்ட நிர்வாகம் நாய்க்குத் தடை போட்டிருக்கிறதா, வெல்பெயார் ஒபீசருக்குத் தெரியுமா? கணவனும் மனைவியும் மலைக்குப் போனால் பகலில் தண்ணீர் வைப்பது யார்? எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் நாய் எங்கே படுக்கும்? இது ஒப்புக்குக் கேட்கும் கேள்வியல்ல. தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, வாசலில் கட்டிய நாய் அதற்கு எளிதான இரை. கட்டியிருப்பதால் ஓடவும் முடியாது. இரவில் காம்பராவுக்குள் அல்லது கூரையும் கதவும் உள்ள கூட்டுக்குள் அடைக்கத் தயாரானவருக்கே கொடுக்க வேண்டும். கூட்டுக்குத் தடித்த பற்றுவைத்த வலை வேண்டும், கோழிக்கூட்டு வலையைச் சிறுத்தை ஒரே அடியில் கிழித்துவிடும். இந்தக் கேள்வி படிவத்தில் இல்லவே இல்லை.

எதை எடுப்பது? குட்டி வேண்டாம், இரண்டு மூன்று வயதான, கருத்தடை முடிந்த பெட்டையை எடுங்கள் என்பதே எங்கள் கணிப்பு. பார்வோ ஆபத்து பெரும்பாலும் தாண்டியிருக்கும், உருவமும் குணமும் முழுதாகத் தெரியும், சப்பாத்தைக் கடித்துக் குதறும் பருவமும் முடிந்திருக்கும். இங்கே குணத்தை மறைக்காமல் சொல்கிறார்கள்: இது கோழியைத் துரத்தும், இது ஆண்களைக் கண்டால் ஒதுங்கும், இது சோற்றுத் தட்டைத் தொட்டால் உறுமும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. இவ்வளவு நேர்மையாகக் குறை சொல்லும் இடம் குறைவு. ஆனால் கேட்பவர் எல்லோருக்கும் கடுவன் குட்டிதான் வேண்டும். வைரவர் வாகனம் என்று கறுப்புக் கடுவனாகவே கேட்டு வருகிறவர்களும் உண்டு. வைரவரே வந்தாலும் பெட்டையென்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது.

வளர்ந்த பெட்டைகள் கருத்தடை முடிந்தே வெளியே போகின்றன, அது நன்று. குட்டிகள் அப்படியல்ல. ஆறு மாதத்தில் கொண்டுவருகிறோம் என்ற வாக்கோடு அனுப்பப்படுகின்றன. வாக்கு காற்றோடு போய்விடுகிறது. மழை, கொழுந்து அதிகமான நாள், வாகனமில்லை, அதற்குள் முதல் சூட்டுக்கு வந்துவிடும். 63 நாளில் ஐந்தாறு குட்டி. அந்தக் குட்டிகளே பிறகு பிஸ்கட் பெட்டியில் கேட்டடிக்கு வருகின்றன. இரண்டு வழி உண்டு. திறமையான வைத்தியர் இருந்தால், ஒரு கிலோவுக்கு மேல் நிறையுள்ள, எட்டுக் கிழமை தாண்டிய ஆரோக்கியமான குட்டிக்கே சத்திரசிகிச்சை செய்து அனுப்பலாம். இல்லையென்றால் முற்பணம் வாங்கி, கருத்தடை செய்த அன்று முழுவதையும் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாவதற்குச் செலவே இல்லை, ஆனாலும் செய்வதில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பதில் கர்ப்பத்தடை ஊசி போடுகிற வழக்கம் பற்றியும் மேசையில் எச்சரிக்க வேண்டும். மலிவென்று ஆட்கள் தேடிப் போகிறார்கள். அந்த ஓமோன் ஊசியால் கர்ப்பப்பையில் சீழ் கட்டும், முலையில் கட்டி வரும். சினைப்பட்டது தெரியாமல் போட்டால் குட்டி வயிற்றுக்குள்ளேயே செத்துத் தாயையும் கொண்டுபோகும். மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு அவசரச் சிகிச்சைக்குப் போகும்.

தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கியதும் பாருங்கள். திகதியும் வைத்தியர் கையொப்பமும் மட்டும் போதாது, மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் இருக்க வேண்டும். இங்கே சில அட்டைகளில் அது இல்லை. குட்டிகளுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, 16 கிழமை வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் ஆரம்ப ஊசிகளை முறியடிப்பதால்தான் இத்தனை முறை. ஒரு ஊசியோடு அனுப்பிவிட்டு, போட்டாயிற்று என்று சொல்வது காப்பகம் செய்யும் தவறு. விசர்நாய் ஊசி தனி, அது கூட்டு ஊசிக்குள் இல்லை. அரசு நடத்தும் தடுப்பூசி முகாமில் இலவசமாகப் போடலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பூனை எடுக்க வருகிறவர்களுக்கு அதிகம் சொல்ல இல்லை. பூனைப்பகுதி சிறியது, நெரிசல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும் சளி நோய் ஓய்வதேயில்லை. எடுத்தால் இரண்டு கிழமை வீட்டுப் பூனையிடமிருந்து பிரித்து வையுங்கள்.

எதைக் கொடுத்தால் உதவி

வாசலில் குவிவது பிஸ்கட், பாண், பழைய மெத்தை, லைசோல். நான்கில் ஒன்றும் அவசரத் தேவையில்லை. மெத்தையின் பஞ்சு மூத்திரத்தையும் கிருமியையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவ முடியாது. லைசோல், பினைல் வகைகள் பூனைக்கு நஞ்சு, பார்வோவையும் அவை கொல்வதாக நம்பக் கூடாது. பழைய சேலை, கம்பளி, துவாய் நல்லது: துவைக்கலாம், கெட்டால் எரிக்கலாம். ஈரத் தரையிலிருந்து தூக்கிப் படுக்க வைக்கப் பிளாஸ்டிக் பலட் (சரக்கு அடுக்கும் தட்டு) மிகத் தேவை. மரப் பலட்டின் வெடிப்பில் கிருமி தங்கும்.

சாப்பாட்டுக் கணக்கு இதுதான். 15 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி வேண்டும். 150 கிராம் அரிசியும் 150 கிராம் கோழியும் அதை ஈடுகட்டும், காய் எதையாவது சேர்க்கலாம், வெங்காயம், லீக்ஸ், உள்ளி கூடாது. நாற்பது நாய்க்கு நாளுக்கு அரிசி 6 கிலோ, மாதத்துக்கு 180 கிலோ. அரிசி எளிதாகக் கிடைக்கிறது. கோழிதான் விழும். கோழி குறையும் நாட்களில் வெறுஞ்சோறும் நெத்தலித் தண்ணீருமாகப் போகிறது, அதன் விளைவு உதிரும் ரோமத்திலும் ஆறாத காயத்திலும் தெரியும். டவுனில் கோழிக்கடை வைத்திருப்பவர் கிழமைக்கு இருமுறை கழுத்து, ஈரல் கொடுக்க ஒத்துக்கொண்டால், அது ஒரு மூடை அரிசியைவிட மதிப்புள்ளது. கழுத்தை அழுத்தச் சமையல் பாத்திரத்தில் எலும்பு மசியும்வரை வேகவைக்க வேண்டும். சாதாரணமாக அவித்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

பணமாகக் கொடுப்பவர்கள் எதற்கென்று குறித்துக் கொடுங்கள்: ஒரு பெட்டைக்கான சத்திரசிகிச்சை, ஒரு மாதக் கண்டிப் பயண எரிபொருள், குட்டிகளின் சீமெந்துத் தளம். குறித்துக் கொடுத்தால் பற்றுச்சீட்டில் அதே தலைப்பில் எழுதித் தருகிறார்கள், கேட்டால் வைத்தியரின் பற்றுச்சீட்டுப் பிரதியும் காட்டுகிறார்கள். குறிக்காமல் கொடுத்தால் சாப்பாட்டுச் செலவோடு கலந்துவிடும், கருத்தடை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். ஒரேயடியாகப் பெரிய தொகை தருவதைவிட, சிறு தொகையை மாதந்தோறும் வங்கி நிலையான கட்டளையாகப் போடுவதையே விரும்புகிறார்கள். வைத்தியரை மாதம் ஒருநாள் முன்கூட்டியே ஒழுங்கு செய்ய அது வசதி.

பணமில்லாதவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, தன் லயத்தில் கருத்தடை நாளுக்கு நாய்களைத் தயார் செய்து கொடுப்பது. முதல் நாள் இரவு பத்துக்குப் பிறகு வளர்ந்த நாய்க்குச் சோறு கூடாது, தண்ணீர் காலைவரை கொடுக்கலாம். குட்டியை நான்கு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடக் கூடாது, சீனி குறைந்து மயங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை காலையில் அன்பாகப் பாண் துண்டு போட்டு, வரிசையில் நின்ற நாயைத் திருப்பி அனுப்ப வேண்டி வருவது வழக்கமாக நடக்கிறது. எனவே இரவே கட்டி வையுங்கள். முடிந்து வீட்டுக்கு வந்தபின் அன்றிரவு அடுப்பங்கரைச் சூட்டில் படுக்கட்டும், மயக்க மருந்து உடல் சூட்டைக் குறைக்கும். தையலை நக்காமலிருக்கக் கழுத்துக் கூம்பு 10 முதல் 14 நாள். குளிப்பாட்டக் கூடாது. ஈறு வெளுத்தால், வயிறு உப்பினால், தையலில் இரத்தம் சொட்டினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

துன்புறுத்தல் முறைப்பாடுகளைக் காப்பகமே பொலிசுக்குக் கொண்டுபோகிறது, வெற்றி குறைவு. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் எழுதப்பட்டபோது விதித்த உச்சத் தண்டம் 100 ரூபாய். இதற்குக் காப்பகத்தைக் குறை சொல்லி ஆவதில்லை. திகதி தெரியும் படமும், பார்த்தவரின் எழுத்து வாக்குமூலமும் இருந்தால் குறைந்தபட்சம் முறைப்பாடு பதிவாகும்.

போக நினைப்பவர்கள் அடையாள அட்டைப் பிரதி, கழுத்துப்பட்டி, இரண்டு மீற்றர் வார் கொண்டுபோங்கள், அங்கே கயிறுதான் கிடைக்கும். பஸ்ஸில் ஏற்ற மறுப்பதுண்டு, ஆட்டோ பேசிக்கொண்டு போவது நல்லது. புறப்படும் முன் நாய்க்குச் சோறு வேண்டாம், வளைவுகளில் வாந்தி எடுக்கும். வீட்டில் முதல் மூன்று நாள் வார் போடாமல் வெளியே விடாதீர்கள். ஓடிப்போகும் நாய்களில் பல அந்த நாட்களில்தான் ஓடுகின்றன. இடியும் பட்டாசும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம், ஆகவே தீபாவளிக்கு முந்திய கிழமையில் தத்து எடுப்பதைத் தவிருங்கள். ஒத்துவராவிட்டால் எந்த வயதிலும் திருப்பி எடுக்கிறார்கள், காரணம் கேட்டு முகம் சுளிப்பதில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் இடையில் கொண்டுபோக வேண்டும், திரும்பி வரும் நாய்க்கும் முதல் 14 நாள் தனிக்கூடுதான்.